துயர் கேட்டலும் துயர் பகிர்தலும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேச மரபுகள் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

பிறர் துன்புறும் வேளையில் அவர்பால் நாம் எவ்வாறு நடந்துகொள்கின்றோம் என்னும் வினா நம்மிடையே பெரும்பாலும் அறநூலாருக்குரியதாகவே விடப்பட்டு வந்துள்ளது. இலக்கியத் திறனாய்வாளர் அதனை 'உருக்கம்' என்னும் ஒரு சொல்லினுள் அடக்கிவிடுவர். சமூகவியலாளர் சடங்கு என்னும் தலைப்பின்கீழ்க் கொணர்ந்து வகைப்படுத்துவர். இவ்விரு அணுகுமுறைகளும் கவனியாது விட்ட ஓர் அமிசம் உண்டு. ஒத்துணர்வு என்பது தனிமனித நெஞ்சில் இயல்பாகச் சுரக்கும் ஈரம் மாத்திரமன்று. அதற்குச் சமூகம் அமைத்துக் கொடுத்த வடிவங்கள் உண்டு. அவ்வடிவங்கள் நிகழ்வதற்கான இடமும் காலமும் உண்டு. அவற்றைச் சுமப்போர் இன்னார் என்னும் உழைப்புப் பங்கீடு உண்டு. யாருக்காக அழலாம், யாருக்காக அழலாகாது என்னும் எல்லையும் உண்டு. இந்நோக்கிலிருந்து மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் சில வாய்மொழி, சடங்கு, எழுத்து மரபுகளை மதிப்பிட முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பிரதேசத்தைத் தெரிந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவி, கடலோரமாக அமைந்த எழுவான்கரையையும் வயற்புலமாகிய படுவான்கரையையும் பிரிக்கின்றது. அவற்றை இணைப்பதும் அதுவே. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களிற் செறிந்து வாழும் இந்நிலப்பரப்பு, 1978ஆம் ஆண்டு நவம்பர்ச் சூறாவளியையும், மூன்று தசாப்த காலப் போரையும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதியின் ஆழிப்பேரலையையும் கண்டது. துயருக்கு எதிர்வினையாற்றும் மரபுகள் இத்துணைக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட பிரதேசங்கள் நமது நாட்டிற் சிலவே.

1. மெய்ப்பாடும் காண்போனும்

தமிழிலக்கண மரபு இவ்விடயத்தை முற்றாகப் புறக்கணித்தது எனக் கூறுதல் பொருந்தாது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகையை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகக் கொண்டு, இழிவுறுதல், இழத்தல், பண்டைநிலை கெடுதல், வறுமையுறுதல் ஆகிய நான்கினையும் அதற்கு நிலைக்களன்களாக வகுக்கின்றது. சாவு இந்நான்கனுள் ஒன்றன் கூறு மாத்திரமே. அவமானமும் வறுமையும் அதனோடு ஒப்ப வைத்து எண்ணப்படுகின்றன. துன்பத்தைச் சமூக நிலைமைகளோடு சேர்த்து நோக்கும் ஒரு பார்வை இங்கு தொழிற்படுகின்றது எனலாம்.

உரையாசிரியராகிய பேராசிரியர் இதனை மேலும் விரித்து, அழுகையைத் தானே அவலித்தல், பிறர் அவலங் கண்டு அவலித்தல் என இருவகைப்படுத்துவர். இவற்றுள் ஒன்று அவலம் எனவும் மற்றையது கருணை எனவும் பெயர் பெறும் என்பது அவர் கருத்து. ஒருவன் உற்ற உணர்வு அதனைக் காண்போனிடத்துஞ் சென்றெய்துதலே மெய்ப்பாடு என்னும் செயிற்றியக் கருத்தும் உரைமரபில் எடுத்தாளப்படுகின்றது. பிறர் துயர் நம்மை வந்தடையும் முறை பற்றி இத்துணை நுட்பமாகச் சிந்தித்த மரபு நம்முடையது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

ஆயினும் ஒரு குறைபாட்டைச் சுட்டுதல் வேண்டும். இக்கோட்பாட்டின் மையத்தில் இருப்பவன் 'காண்போன்'. அவன் நாடக அரங்கின் எதிரே அமர்ந்திருப்பவன். அவனிடம் உணர்வு வந்தெய்துகின்றது. எய்தியபின் அவன் யாது செய்தல் வேண்டும் என்னும் வினா அங்கு எழுவதில்லை. நவீன இலக்கிய விமரிசனமும் பெருமளவுக்கு இக்காண்போனின் இருக்கையிலிருந்தே எழுதப்பட்டு வந்துள்ளது. 'வாசகரைக் கண்கலங்க வைக்கும் படைப்பு' என்னும் மதிப்பீடு இதற்குச் சான்றாகும். காண்போன் என ஒருவன் இல்லாத, வந்தோர் யாவரும் பங்காளராகும் ஒரு களத்தை நோக்கினால் இக்கோட்பாட்டின் எல்லை தெளிவாகும். அத்தகைய களம் சாவீடு.

2. சாவீடும் தாய்வழிக் குடியும்

மட்டக்களப்பின் நாட்டார் பாடல்களைத் தொகுத்தும் ஆராய்ந்தும் எழுதியோர் தாலாட்டுக்கும் கவிக்கும் வசந்தனுக்கும் கொடுத்த இடத்தை ஒப்பாரிக்குக் கொடுத்தாரல்லர். இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. ஒப்பாரியை வேண்டும்போது பாடுவித்துப் பதிவு செய்தல் இயலாது. சாவில்லாத வீட்டில் அதனைப் பாடுதல் தீக்குறி எனக் கொள்ளப்படும். ஆதலின் ஏட்டில் ஏறிய ஒப்பாரி பெரும்பாலும் சூழலிலிருந்து பிடுங்கப்பட்ட பாடமாகவே அமைகின்றது. உவமை நயமும் எதுகைச் சிறப்பும் அதிற் புலப்படும். அதன் சமூகத் தொழிற்பாடு புலப்படாது.

சூழலில் வைத்து நோக்கின் காணப்படுவது இது: சாவீட்டுக்கு வரும் பெண் முற்றத்தில் நின்று ஆறுதல் கூறுவதில்லை. இழந்தவளைக் கட்டிக்கொண்டு அவளும் அழத் தொடங்குகின்றாள். அவ்வழுகையில் இறந்தவரை முறை சொல்லி விளிப்பதோடு, தான் முன்னர் இழந்த தாயையோ பிள்ளையையோ கணவனையோ சேர்த்தே விளிக்கின்றாள். மேலோட்டமாக நோக்குவோர், இவள் பிறர் வீட்டுச் சாவில் தன் துயரை அழுகின்றாள் என்பர். உண்மையில் இங்கு நிகழ்வது ஒரு பரிமாற்றம். 'உன் துயரை நான் அறிவேன்' என்று வாயாற் கூறுவதற்குப் பதிலாக, அறிந்ததற்கான சான்றைத் தன் இழப்பிலிருந்து எடுத்து முன்வைக்கின்றாள். பேராசிரியர் வேறுபடுத்திய அவலமும் கருணையும் இக்களத்தில் ஒரே குரலில் இணைகின்றன.

இப்பரிமாற்றம் வெறும் மனநெகிழ்ச்சியால் நிகழ்வதன்று. அதற்குத் திட்டவட்டமான பொருளியல் அடித்தளம் உண்டு. மட்டக்களப்புப் பிரதேசத்தில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் குடி என்னும் தாய்வழி அமைப்பு நிலவுகின்றது. மகளுக்கு வீடும் வளவும் சீதனமாக எழுதிக் கொடுக்கப்படும். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வருவான். இதன் விளைவாகத் தாயும் பெண்மக்களும், சகோதரிகளும் அவர்தம் பெண்மக்களும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்கின்றனர். அக்கரைப்பற்றுப் பகுதியிற் களஆய்வு செய்து டெனிஸ் மக்கில்வ்றே 2008இல் வெளியிட்ட நூல் இவ்வமைப்பின் நுட்பங்களை விரிவாக எடுத்துரைக்கின்றது. சாவு வீழ்ந்த வீட்டில் அடுப்பு மூட்டப்படாத நாள்களில் அயல் வளவிலிருந்து சோறு வருவதற்கும், எட்டுச் செலவு வரைக்கும் அதற்கப்பாலும் இழந்தவள் தனியே உறங்க விடப்படாமைக்கும் இக்குடியிருப்பு முறையே காரணம். வேலி கடந்து செல்லத்தக்க தூரத்தில் ஒரு பெண்ணின் தாயும் அக்காவும் பெரியம்மாவும் வாழும்போதுதான் ஒத்துணர்வு ஒரு நடைமுறையாகின்றது.

அகதி முகாமும் சுனாமிக்குப் பிந்திய மீள்குடியேற்றத் திட்டமும் இவ்வடித்தளத்தையே தாக்கின. நாவலடியில் அலை அழித்தவற்றுள் கட்டடங்களோடு இவ்வயல் உறவும் அடங்கும். வீடு இழந்தோருக்கு வீடு கொடுக்கப்பட்டபோது, யாருக்கு அயலில் யார் என்பது பயனாளிப் பட்டியலின் வரிசைப்படி தீர்மானிக்கப்பட்ட இடங்களில், துயர் பகிரும் நிறுவனம் ஒன்று ஓசையின்றி இல்லாதொழிந்தது. இழப்பீட்டுக் கணக்கில் இதற்கு நிரல் இல்லை.

எனினும் இம்மரபைக் குறையற்ற பொற்காலமாகக் காட்டுதல் முற்போக்கு விமரிசனத்துக்கு அழகன்று. சாவீட்டின் துயரை ஊருக்கு அறிவித்தது பறைமேளம். அதனை முழக்கும் கடமை ஒரு சாதியார்மீது சுமத்தப்பட்டிருந்தது. கிழக்கிலங்கைப் பறையர் பற்றி மக்கில்வ்றே 1983இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, இசைவும் கட்டாயமும் எவ்வாறு பின்னிக் கிடந்தன என்பதை ஆராய்கின்றது. ஊரின் ஒவ்வொரு சாவையும் அறிவித்தவரின் வீட்டுச் சாவுக்கு ஊர் எவ்வளவு தூரம் வந்தது என்னும் வினாவை எழுப்பாத ஒப்பாரி ஆய்வு அரைகுறையானதே. ஒத்துணர்வின் வடிவம் எத்துணைச் சிறப்பாயினும், அதன் எல்லை சாதியால் வரையப்பட்டிருந்தது.

3. கண்ணகியைக் குளிர்வித்தல்

சாவீட்டின் அழுகை குடிக்குள் அமைவது. ஊர் முழுவதும் ஒன்றுகூடி ஒருத்தியின் துயரைக் கேட்கும் களம் வேறொன்று உண்டு. ஆண்டுதோறும் வைகாசியில், தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் முதலாய ஊர்களிலுள்ள கண்ணகையம்மன் கோயில்களிற் கதவு திறக்கப்பட்டு, நாள்தோறும் கண்ணகி வழக்குரை பாடப்பட்டு, இறுதியில் திருக்குளிர்த்தி நிகழ்த்தப்படும். மதுரையை எரித்த சினம் தணியாது வந்தவளை இடைக்குல மகளிர் குளிர்வித்தனர் என்னும் நம்பிக்கை இச்சடங்கின் அடிப்படையாகும். 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) எழுதிய வித்துவான் வி. சீ. கந்தையா, வழக்குரையைப் பதிப்பித்து ஆய்வுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார்.

கண்ணகி வழிபாட்டை வளத்தோடும் மழையோடும் அம்மை நோயோடும் தொடர்புபடுத்தி விளக்குதல் வழக்கம். பத்தினி வழிபாடு பற்றி 1984இற் பெருநூல் ஒன்றை வெளியிட்ட கணநாத் ஒபயசேகர உளப்பகுப்பாய்வு வழியிலும் அதனை நோக்கினார். இவ்விளக்கங்களை மறுத்தல் நமது நோக்கமன்று. ஆயினும் சடங்கின் வரிசைமுறை தன்னளவில் ஒரு கருத்தைக் கூறுகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. இங்கு குளிர்த்தி முதலில் நிகழ்வதில்லை. பாதிக்கப்பட்டவளின் வழக்கு தொடக்கம் முதல் முடிவு வரை, இரவு பல கடந்து, ஊர் முழுவதும் கேட்கும் வண்ணம் உரைக்கப்பட்ட பின்னரே அவளைக் குளிர்விக்கும் உரிமை ஊருக்குக் கிட்டுகின்றது. முறையீட்டைக் கேட்டு முடிக்காது ஆறுதல் கூறுதலுக்கு இச்சடங்கில் இடமில்லை. அவளது சினம் நியாயமற்றது என எவரும் எடுத்துரைப்பதுமில்லை.

இதே வழிபாட்டோடு தொடர்புடைய கொம்புமுறி விளையாட்டில் ஊரார் கோவலன் சார்பான வடசேரி எனவும் கண்ணகி சார்பான தென்சேரி எனவும் இரு கட்சிகளாகப் பிரிந்து நின்று கொம்புகளைக் கொளுவி இழுப்பர். வழக்கில் இரு தரப்பு உண்டு என்பதை ஊர் தன் உடலால் ஒப்புக்கொள்ளும் நிகழ்ச்சியாக இதனைக் கொள்ளலாம். காரைதீவிற் பிறந்து, இளங்கோவின் காப்பியத்திலுள்ள இசைச் செய்திகளை ஆதாரமாகக் கொண்டு 'யாழ்நூல்' (1947) இயற்றிய சுவாமி விபுலாநந்தருக்குச் சிலப்பதிகாரம் ஏட்டுக் காவியம் மாத்திரமன்று. அவரது ஊர்க்கோயிலின் நடப்பும் அதுவே என்பதை இங்கு நினைவு கூர்தல் தகும்.

இதனை நாம் இலட்சிய நீதிமன்றமாகக் கொண்டாட வேண்டியதில்லை. ஆண்டுக்கொருமுறை கண்ணகியின் வழக்கைக் கேட்ட ஊர், தன்னுள்ளே கணவனாற் கைவிடப்பட்ட பெண்ணின் வழக்கை அதே பொறுமையோடு கேட்டதா என்னும் ஐயம் நியாயமானதே. தெய்வமான பெண்ணுக்குக் கொடுத்த செவியை மானிடப் பெண்ணுக்கு மறுத்தல் நமது பண்பாட்டிற் புதிதன்று. ஆயினும் கேட்டல் முன்னும் தணித்தல் பின்னும் ஆகவேண்டும் என்னும் விதியை இம்மரபு காத்து வைத்தது. அதனை மீட்டெடுத்து மானிடர்க்கு உரியதாக்குதல் நம் பணியாகும்.

4. உடலற்ற சாவு

ஒப்பாரிக்கு உடல் வேண்டும். எட்டுக்கும் முப்பத்தோராம் நாட் கிரியைக்கும் இறந்த நாள் வேண்டும். 1980களின் நடுப்பகுதி தொடக்கம் மட்டக்களப்பில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இவ்விரண்டும் இல்லாது போயின. கொண்டுசெல்லப்பட்டவன் இருக்கின்றானா இல்லையா எனத் தெரியாதவளிடம் அழச் சொல்லுதலும் கொடுமை. அழ வேண்டாமென்று சொல்லுதலும் கொடுமை. பொட்டை அழித்தால் அவனைத் தானே கொன்றதாகும்; அழிக்காவிட்டால் ஊர் பேசும்.

இந்நிலையில் மரபின் பிறிதொரு கூறு முன்னிலைக்கு வந்தது. அம்மன் கோயில்களில் உருவேறி வாக்குச் சொல்வோரிடம், காணாமற்போனோரின் தாய்மாரும் மனைவியரும் திரளாகச் செல்லலாயினர். அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் 1990களில் இதனை நேரிற் கண்டு ஆராய்ந்தார். அவரது கட்டுரை 2000ஆம் ஆண்டு வெளிவந்த 'வன்முறையும் தன்னிலையும்' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொகுப்பு நூலில் இடம்பெற்றுள்ளது. பகிரங்கமாகப் பேசுதல் உயிராபத்தாக இருந்த காலத்தில், பேசத்தகாததைப் பேசும் களமாக வாக்கு அமைந்தது என்பதும், காணாமற்போனவரின் வதையை வாக்குச் சொல்வோர் தம் உடலில் ஏற்றுக் காட்டினர் என்பதும் அவர் அவதானிப்புகளுள் முக்கியமானவை.

முற்போக்கு விமரிசனம் இதனை எவ்வாறு எதிர்கொண்டது? பெரும்பாலும் மூடநம்பிக்கை என ஒதுக்கியது. மதத்தைப் பற்றி மார்க்ஸ் 1844இல் வெளியான கட்டுரையிற் கூறியவற்றுள் அபினி பற்றிய பகுதியே நம்மிடையே நிலைபெற்றது. அதே பந்தியில் அவர் மதத்தை ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சாகவும் கண்டார் என்பதை நாம் வசதியாக மறந்தோம். வாக்கு உண்மை கூறுகின்றதா என்னும் வினாவுக்கு விஞ்ஞான நோக்குடையார் அளிக்கும் விடை தெளிவானது. ஆயின் விமரிசகன் கேட்க வேண்டிய வினா அதுவன்று. இராணுவ முகாமும் பொலிஸ் நிலையமும் நீதிமன்றமும் வாயில் அடைத்தபோது ஒரு தாய் சென்று தன் மகன் பெயரை உரத்துச் சொல்லக்கூடிய வேறெந்த இடத்தை நாம் அவளுக்கு அமைத்துக் கொடுத்தோம் என்பதே அவ்வினாவாகும்.

தாய்மாரின் அழுகை கோயிலோடு நின்றதுமன்று. 1977 முதல் ஆர்ஜென்ரீனத் தாய்மார் பிளாசா டி மாயோ சதுக்கத்திற் கூடியதுபோல, இலங்கையிலும் அன்னையர் முன்னணிகள் தோன்றின. யாழ்ப்பாணத்தில் 1984இலும், தெற்கே மாத்தறையில் 1990இலும் அவை அமைந்தன. மட்டக்களப்பு அன்னையர் முன்னணியைச் சேர்ந்த பூபதி, மாமாங்கேசுவரர் கோயில் முன்றலில் உண்ணாவிரதமிருந்து 1988ஆம் ஆண்டு ஏப்பிரல் 19ஆம் திகதி உயிர்நீத்தார். தெற்கின் சிங்களத் தாய்மார் காளி கோயில்களிலே தேங்காய் உடைத்துச் சாபமிட்ட அதே காலத்தில், கிழக்கின் தமிழ்த் தாய்மார் காளி கோயில்களில் வாக்குக் கேட்டு நின்றனர். ஒரே தெய்வத்தின் முன் ஒரே முறையீட்டோடு நின்ற இவ்விரு சாராரும் பெரும்பாலும் ஒருவர் குரலை மற்றவர் கேட்கவில்லை. இதுவே நமது அடுத்த பிரச்சினை.

5. 1990: எல்லையின் சோதனை

ஒத்துணர்வின் தரம் நம்மவர் துயரில் அன்றி, நம்மவரால் துயருற்றோரிடத்திலேயே அளக்கப்படும். 1990ஆம் ஆண்டின் ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்கள் வாவிக்கரை மக்கள்முன் இச்சோதனையை வைத்தன. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரு பள்ளிவாசல்களிற் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் தமிழீழ விடுதலைப் புலிகளாற் சுட்டுக்கொல்லப்பட்டனர். சில நாள்களில் ஏறாவூர் முஸ்லிம் மக்கள் குழந்தைகள் உட்படக் கொல்லப்பட்டனர். செப்ரெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த பல்லாயிரவரிலிருந்து 158 பேர் இராணுவத்தினராற் பிரித்தெடுத்துக் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. செப்ரெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானிலும் அயலூர்களிலும் 184 பேர் கொல்லப்பட்டதாகப் பின்னர் ஆணைக்குழு விசாரணையிற் பதிவாயிற்று.

ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்குள், ஒரே வாவியின் கரையில், ஒரே வீதியாற் தொடுக்கப்பட்ட ஊர்களில் நிகழ்ந்தவை இவை. ஆயினும் தமிழில் எழுதப்பட்ட நினைவுகூரல்களை நோக்கின், இவை இரு வேறு பட்டியல்களாகவே நிலைபெற்றுள்ளன. ஒரு பட்டியலை வாசிப்போர் மற்றையதை வாசிப்பதில்லை. ஒன்றைக் குறிப்பிட்டவுடன் மற்றையதைப் பதிலாக நீட்டும் வழக்கமும் வேரூன்றியுள்ளது. இது பார்வைக்குச் சமநிலை போலத் தோன்றினும், உண்மையிற் கேட்க மறுத்தலின் ஒரு வடிவமாகும். சாவீட்டுப் பெண் தன் இழப்பை எடுத்து முன்வைப்பது மற்றவளின் இழப்பை ஒப்புக்கொள்வதற்காக. இங்கு தன் இழப்பு எடுத்து முன்வைக்கப்படுவது மற்றவனின் இழப்பை வாயடைப்பதற்காக. ஒரே செயலின் இரு எதிர்ப்பயன்கள் இவை. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திற் குழந்தைகள் உட்படப் பலர் குண்டுவெடிப்பிற் பலியானபின், பழி ஒரு சமூகம் முழுவதன்மீதும் சுமத்தப்பட்டபோது இதே பிணி மீண்டும் தலைகாட்டியது.

நவீன கவிதை இவ்வெல்லையைக் கடந்ததா? சில இடங்களிற் கடந்தது. கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான், 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது எழுதிய 'புத்தரின் படுகொலை' என்னும் கவிதை விரிவான கவனத்துக்குரியது. சிவிலுடை தரித்த அரச காவலர் புத்தரையே சுட்டுக்கொன்று, நூல்களோடு சேர்த்து எரித்தனர் என்பது அதன் கற்பனை. கவிஞர் கிழக்கிலங்கை முஸ்லிம். எரிந்தது வடக்கின் நூலகம். கொல்லப்பட்டவராகச் சித்திரிக்கப்படுபவர் எரித்தோர் வணங்கும் பெருமான். தன் சமூகத்துக்குரியதல்லாத இழப்பை ஏற்று, அதனை அவ்விழப்புக்குக் காரணமானவரின் மனச்சாட்சிக்கும் விளங்கும் படிமமாக அவர் மாற்றுகின்றார். வெறுப்பின்றிக் குற்றஞ்சாட்டல் சாத்தியம் என்பதை இக்கவிதை நிறுவுகின்றது. அதே ஆண்டில் அவர் மொழிபெயர்ப்பில் 'பலஸ்தீனக் கவிதைகள்' நூலாக வெளிவந்தமையும் தற்செயலானதன்று. தூரத்துத் துயரைத் தமிழிற் கேட்கப் பழக்கும் முயற்சியாகவே அதனைக் கொள்ளல் வேண்டும்.

சாய்ந்தமருதுவைச் சேர்ந்த அனாரின் 'மேலும் சில இரத்தக் குறிப்புகள்' என்னும் கவிதை வேறொரு வழியிற் செல்கின்றது. பெண் தன் உடலில் மாதந்தோறும் காணும் இரத்தம், குழந்தையின் காயத்து இரத்தம் ஆகியவற்றிலிருந்து போரிற் சிந்திய இரத்தத்துக்கு அது நகர்கின்றது. தன் உடல் அறிந்ததைக் கொண்டு பிறர் உடலின் வதையை அறிதல் என்னும் இம்முறை, சாவீட்டு ஒப்பாரியின் முறையே. ஆயின் ஒப்பாரி முறை சொல்லி விளிப்பது. அனாரின் கவிதையில் இறந்தோருக்கு முறைப்பெயர் இல்லை. குடியின் வேலியைக் கடந்து ஒப்பாரி வெளியே வந்துள்ளது எனக் கூறின் மிகையாகாது.

எனினும் இவை விதிவிலக்குகளே. காத்தான்குடிக்காகத் தமிழரும் சத்துருக்கொண்டானுக்காக முஸ்லிம்களும் எழுதிய எழுத்துகளைத் தனியே தொகுக்க முற்படின், அத்தொகுதி மிக மெலிந்ததாகவே அமையும். அம்மெலிவு இலக்கியக் குறைபாடு மாத்திரமன்று. அது வரலாற்றுச் சான்றுமாகும்.

6. நிறுவனங்களும் கேட்டலும்

போரின் பிற்பகுதியிலும் சுனாமிக்குப் பின்னரும் ஒத்துணர்வு ஒரு தொழிற்றுறையாக வளர்ச்சி பெற்றது. உளவளத்துணை, உளசமூகப் பணி முதலிய சொற்கள் வழக்கில் வந்தன. பயன் விளையவில்லை என்பதன்று நமது கருத்து. மருத்துவ உதவி வேண்டியோருக்கு அது கிட்டியமை வரவேற்கத்தக்கதே. ஆயின் துயரைப் படிவத்திற் பதிந்து, கால எல்லையுள் 'தீர்த்து', அறிக்கையாக்கும் முறை, கேட்டல் முன்னும் தணித்தல் பின்னும் என்ற விதியைத் தலைகீழாக்கியது. வினாக்கொத்தை நிரப்பியவர் திரும்பி வாராதபோது, சொன்னவள் தன் கதையை இழந்தவளானாள்.

இதற்கு மாறான முயற்சிகளும் மட்டக்களப்பிலேயே தோன்றின. கனடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவியான அருட்தந்தை போல் சற்குணநாயகமும் முன்னின்று 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகளை ஒரே வளவுக்குட் கொணர்ந்தது. களிமண், வண்ணம், கதை, ஆட்டம், மரநிழல் என்பனவே அங்கு கருவிகள். நடந்ததைச் சொல் என்று பிள்ளையை வற்புறுத்தாது, அது தானாகச் சொல்லும் வரை காத்திருத்தல் அங்கு முறையாகக் கைக்கொள்ளப்பட்டது. போரால் இடம்பெயர்ந்த பெண்களிடையே பணியாற்றிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், உதவி பெறுவோராக மாத்திரம் நோக்கப்பட்ட பெண்களைப் பாடலும் நாடகமும் எழுத்தும் ஆக்குவோராக நோக்கியது. இவற்றைக் கலைமுயற்சிகளாக விமரிசித்த எழுத்துகள் நம்மிடையே அரிதாக இருப்பது விமரிசனத் துறையின் குறுகிய எல்லையையே காட்டுகின்றது.

பல்கலைக்கழகம் பற்றியும் ஒன்று கூறாது விடுதல் முறையன்று. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமான அந்நிறுவனம், 1990இன் அம்மாதங்களில் விரிவுரை மண்டபங்களை உறைவிடமாக்கிற்று. அம்முகாமைப் பொறுப்பேற்று நடத்திய பல்கலைக்கழகத்தார், பின்னர் ஆணைக்குழு முன் தோன்றி, கொண்டுசெல்லப்பட்டோர் பற்றிச் சாட்சியம் அளித்தனர். அடைக்கலம் கொடுத்தலும், காக்க இயலாது போனவிடத்துப் பெயர்களை மறவாது எடுத்துரைத்தலும் புலமையாளரின் கடமைகளே என்பதற்கு இதனினும் தெளிவான முன்னுதாரணம் நமக்கு வேண்டியதில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து விமரிசனத்துக்கான சில அளவுகோல்களைப் பெறலாம். பிறர் துயர் பற்றிய ஒரு படைப்பையோ சடங்கையோ நிறுவனத்தையோ மதிப்பிடுகையில், அது எத்துணை உருக்கமானது என்னும் வினாவோடு நாம் நின்றுவிடலாகாது. துயருற்றவரின் வழக்கு முழுமையாகக் கேட்கப்பட்டதா? கேட்டலின் சுமையை யார் தாங்கினர். அவரது துயரை யார் கேட்டனர்? எந்த வேலியில் அவ்வொத்துணர்வு நின்றது. அவ்வேலியை இட்டவர் யார்? ஒப்பாரி முதல் வினாவுக்குச் சிறப்பாக விடை கூறி, இரண்டாம் மூன்றாம் வினாக்களில் இடறுகின்றது. குளிர்த்தி கேட்டலின் முறையைக் கற்பித்து, அதனைத் தெய்வத்தோடு நிறுத்துகின்றது. வாக்கு, வேறிடமற்றோருக்கு இடமளித்தது. நீதி அளிக்க அதனால் இயலவில்லை. நுஃமானின் கவிதையும் அனாரின் கவிதையும் வேலியைக் கடந்தன. ஆயினும் அவற்றைப் பின்தொடர்ந்தோர் சிலரே.

செய்யவேண்டிய பணியொன்று உடனடியாக உண்டு. 1990ஐ அனுபவித்த பெண்கள் முதுமையடைந்துவிட்டனர். காணாமற்போனோர் அலுவலகம் 2018இற் செயற்படத் தொடங்கிய பின்னரும் அவர்களுட் பலர் விடை பெறாமலே இறந்துள்ளனர். காத்தான்குடி, ஏறாவூர், வந்தாறுமூலை, சத்துருக்கொண்டான் ஆகிய ஊர்களின் பெண்கள் தம் இழப்பைக் கூறும் மொழியை, அவர்தம் இசைவோடும் அவர்கள் வகுக்கும் நிபந்தனைகளோடும், ஒரே தொகுதியாகப் பதிவு செய்யத் தமிழ்த்துறைகளும் தமிழ்ச் சங்கங்களும் முன்வருதல் வேண்டும். பதிவு செய்யச் செல்வோர் தமிழரும் முஸ்லிம்களுமாக இணைந்தே செல்லல் வேண்டும். ஏறாவூரிற் கேட்டதைச் சத்துருக்கொண்டானிலும், சத்துருக்கொண்டானிற் கேட்டதை ஏறாவூரிலும், சொன்னவர் விரும்பின், எடுத்துரைத்தல் வேண்டும். அவ்வாறு செய்யின் நாட்டார் வழக்காற்றியல் பழம்பொருட் சேகரிப்பு என்னும் நிலையிலிருந்து விடுபட்டு, வாழ்வோர்க்குப் பயன்படும் துறையாக வளரும்.